ஒரு நாள் முந்திய கேக்

கார்மேகத்துக்கு நாற்பத்திரண்டு வயது. விசாவில் அடித்திருப்பது ஆபீஸ் பாய். ஷார்ஜா தொழிற்பேட்டையில் ஒரு ஜெர்மன் கம்பெனி. தண்ணீர் பாட்டிலுக்கு மூடி திருகி, லேபிள் ஒட்டி, அட்டைப் பெட்டியில் அடுக்குகிற இயந்திரங்களை விற்கிற கம்பெனி. கீழே கிடங்கில் எட்டுப் பேர், மேலே ஆபீசில் நாலு பேர். காபி போட்டு, கோப்பு தூக்கி, தரை துடைத்து அங்கே ஏழு வருஷத்தை ஓட்டிவிட்டான். தங்குவது அஜ்மானில், ஒரு அறையில் ஆறு பேரோடு.

மேனேஜர் பெயர் டீட்டர். குடும்பப் பெயரைச் சொல்லித்தான் தன்னைக் கூப்பிட வேண்டும் என்று வந்த புதிதில் கேட்டுப் பார்த்தார். வளைகுடாவில் அது நடக்கிற காரியமா? வாட்ச்மேனிலிருந்து பேங்க் மேனேஜர் வரை 'மிஸ்டர் டீட்டர்' என்றே கூப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் ஓய்ந்துவிட்டார். அவர் விட்டுக்கொடுத்துக் கார்மேகம் பார்த்தது அது ஒன்றுதான்.

மற்றதெல்லாம் இம்மி பிசகாது. காலை ஏழரைக்கு வந்ததும் ஆபீசில் இருக்கிற அத்தனை பேருக்கும் கை கொடுப்பார், கார்மேகத்துக்கும் சேர்த்து. பிறகு எல்லா ஜன்னல்களையும் பத்து நிமிஷம் திறந்து வைக்க வேண்டும். வெளியே ஜூலை மாத நெருப்புக் காற்று அடித்தாலும் சரி, அறைக்குள் பழைய காற்று நிற்கக் கூடாது. எட்டு மணிக்கு ஒரு முட்டை, நாலரை நிமிஷ வேக்காடு. அதை ஒரு குட்டிக் கிண்ணத்தில் நட்டு வைத்து, தலையை ஸ்பூனால் தட்டி உடைத்துத் தின்பார். மதியம் சோறு கீறு எதுவும் கிடையாது. கறுப்பு ரொட்டி, வெண்ணெய், பாலாடைக் கட்டி, காடியில் ஊறிய வெள்ளரிக்காய். அந்த ரொட்டி புளித்த மாவு வாசம் அடிக்கும், செங்கல் கனம் கனக்கும். சாயங்காலம் நாலு மணிக்குக் காகித வடிகட்டியில் சொட்டுச் சொட்டாக இறக்கிய காபி, கூட ஒரு துண்டு கேக். அந்த நாலு மணி வேளையில்தான் மனுஷன் கொஞ்சம் இளகி இருப்பார். கையெழுத்து, லீவு, முன்பணம், எது கேட்பதானாலும் நாலு மணிக்குத்தான் கேட்பார்கள்.

2004 மார்ச் பதினேழு, புதன்கிழமை, கார்மேகத்துக்கு ஊருக்கு டிக்கெட். லீவு மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லி வாங்கியது. அவன் மனைவி பஞ்சவர்ணத்துக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருந்தது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டாம் தேதி, திங்கட்கிழமை, ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். கையெழுத்துப் போட வீட்டு ஆள் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் அண்ணன் இருந்தான், போடுவான். பஞ்சவர்ணம் ஒத்துக்கொள்ளவில்லை.

"என் அண்ணன் போட்ட கையெழுத்துல நான் சாக மாட்டேன்," என்றாள் போனில். "செத்தா நீங்க போட்ட கையெழுத்துல சாகுறேன். வந்து சேருங்க."

அவள் பேச்சு எப்போதும் அப்படித்தான். கார்மேகம் சிரித்து வைத்தான்.

எல்லார் பாஸ்போர்ட்டும் ஆபீஸ் இரும்புப் பெட்டிக்குள் இருந்தன. ஜெர்மனியிலிருந்து வந்த பெட்டி, இடுப்பு உயரம், சாம்பல் நிறம். சாவி டீட்டரின் கொத்தில் தொங்கும். "ஞாயிற்றுக்கிழமை, நாலு மணிக்கு வா, தருகிறேன்," என்று அவர் சொல்லியிருந்தார். டைரியிலும் எழுதிக்கொண்டார். அவர் டைரியில் ஏறிவிட்டால் அது நடந்த மாதிரிதான்.

அந்த ஞாயிறு காலையில்தான் ரிசப்ஷனில் உட்காரும் வசந்தகுமாரி வாயைத் திறந்தாள். திருச்சிக்காரி, எல்லாருடைய விசா பேப்பரும் அவள் கையில்தான் இருக்கும்.

"கார்மேகண்ணே, நாளைக்கு நம்ம ஆளுக்குப் பொறந்த நாள் தெரியுமா? அம்பது முடியுது."

"நாளைக்கு அவரு அபுதாபிக்கில்ல போறாரு?"

"ஆமா. காலையில போயிட்டு நாளன்னைக்குத்தான் ஆபீஸ்."

கார்மேகம் டீட்டரின் அறைக் கதவைப் பார்த்தான். குடும்பம் இங்கே இல்லாத மனுஷன். பொண்டாட்டி விட்டுப் போய் நாலு வருஷம். அம்பதாவது வயசில் எவனோ ஒரு பாட்டில் கம்பெனிக்காரன் எதிரே உட்கார்ந்து விலை பேசிக்கொண்டிருப்பார். பாவம் என்று பட்டது. இரக்கம் மட்டும்தான் என்று சொன்னால் அது பொய். ஒரு மாத லீவை இன்னும் ஒரு பத்து நாள் நீட்டிக் கேட்கலாம் என்றும் மனசுக்குள் ஓடியது. ஆபரேஷன் முடிந்தால் ஆள் கூட இருக்க வேண்டுமே.

"நாளைக்கு அவருக்கு யாரும்மா கேக் வெட்டப் போறா? இன்னைக்கே வெட்டிருவோம்," என்றான்.

"சூப்பர் ஐடியாண்ணே," என்றாள் அவள்.

ஊரில் எவனும் இதைத்தான் செய்வான். ஞாயிற்றுக்கிழமை வரும் பிறந்த நாளை, ஆபீஸ் லீவு என்று சனிக்கிழமையே கொண்டாடுவார்கள். அதில் யாருக்கு என்ன குற்றம்?

ரோலா கடைத்தெருவில் ஒரு மலையாளி பேக்கரியில் பிளாக் ஃபாரஸ்ட் வாங்கி வந்தான். ஜெர்மன் கேக் என்று பேக்கரிக்காரன் அடித்துச் சொன்னான். மேலே வெள்ளை கிரீம், சாக்லேட் சீவல், சிவப்புச் செர்ரி நாலு, பச்சைச் செர்ரி நாலு. நடுவில் ரோஸ் கிரீமில் 'ஹேப்பி பர்த்டே மிஸ்டர் டீட்டர் 50'.

மூன்றரை மணிக்குக் கிடங்கு ஆட்களையும் மேலே வரச் சொன்னார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அருள்ராஜ் வேர்வை நாற்றத்தோடு முன்னால் நின்றான். வசந்தகுமாரி போய்க் கதவைத் தட்டினாள். டீட்டர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெளியே வந்தார். எல்லாரும் கையைத் தட்டிப் பாட ஆரம்பித்தார்கள்.

முதல் வரி முடியவில்லை. டீட்டர் இரண்டு கையையும் தூக்கினார், எதிரே வரும் லாரியை நிறுத்துகிற மாதிரி.

"நோ. நோ! இன்றைக்கு இல்லை. நாளை!"

சர்ப்ரைஸ் தாங்காமல் சொல்கிறார் என்று நினைத்து அருள்ராஜ் இன்னும் உரக்கப் பாடினான். டீட்டரின் முகம் வெளுத்துப் போனதை முதலில் பார்த்தது கார்மேகம்தான். அவர் விரல்களை மடக்கி மேசையை மூன்று முறை தட்டினார். பிறகு குனிந்து மேசையைப் பார்த்தார். மரமில்லை, மேலே பிளாஸ்டிக் ஒட்டியது. கதவைத் தட்டிப் பார்த்தார், அது தகரம். அந்த ஆபீசில் மரம் என்று ஒன்று இல்லை. கீழே கிடங்கில் இயந்திரம் அடுக்கி வரும் பலகைக் கட்டைகள்தான் உண்டு. ஒரு நிமிஷம், அங்கேயே இறங்கிப் போய்விடுவார் போல நின்றார். பிறகு எல்லாரையும் ஒரு பார்வை பார்த்து, "தேங்க் யூ. உங்களுக்குத் தெரியாது," என்று மட்டும் சொல்லி உள்ளே போனார்.

கேக் வெட்டப்படவில்லை. கத்தியை வைத்துக்கொண்டு வசந்தகுமாரி நின்றாள்.

மூன்றே முக்காலுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு டீட்டர் கிளம்பினார். ஏழு வருஷத்தில் ஐந்தரைக்கு முன்னால் அவர் கிளம்பி யாரும் பார்த்ததில்லை. கார்மேகம் காபித் தட்டோடு குறுக்கே போனான்.

"சார், பாஸ்போர்ட்... நாலு மணி..."

டீட்டர் கடிகாரத்தைப் பார்த்தார், காபியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். கோபம் இல்லை. ஏதோ அவசரமாக ஓடி ஒளிய வேண்டியவர் மாதிரி இருந்தார்.

"செவ்வாய். செவ்வாய் நாலு மணி. ஓகே, மிஸ்டர் மேகம்?"

ஓகே சொல்லாமல் என்ன செய்வது? புதன் ராத்திரிதானே விமானம்.

கணக்கர் சதக்கத்துல்லா அன்று துறைமுகத்தில் சரக்கு எடுக்கப் போயிருந்தார். கீழக்கரைக்காரர், ஜெர்மன்காரர்களோடு பதினாலு வருஷம் குப்பை கொட்டியவர். அஞ்சு மணிக்கு வந்து, வெட்டாத கேக்கைப் பார்த்தார், அதில் எழுதியிருந்ததைப் படித்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எவன் பார்த்த வேலைப்பா இது?"

"நான்தான் பாய்."

"அட அல்லாவே. அவங்ககிட்ட நாளுக்கு முந்தி பொறந்த நாள் வாழ்த்துச் சொல்லக் கூடாதுப்பா! ஒரு நிமிஷம் முந்திக்கூடச் சொல்லக் கூடாது. முந்திச் சொன்னா அந்த நாளை அவன் பார்க்க மாட்டான்னு ஒரு பயம். எஞ்சினியரு, டாக்டரு, அல்லாவை நம்பாதவன், எவனா இருந்தாலும் அந்தப் பயம் மட்டும் விடாது. யாராவது சொல்லிட்டா உடனே மரத்தைத் தட்டித் தோஷம் கழிப்பாங்க. போதாததுக்குக் கேக்கை நீ ஏன் வாங்குனே? பொறந்த நாள்காரன்தான் வாங்கிட்டு வந்து மத்தவனுக்குக் கொடுக்கணும். அது அவங்க முறை."

"எனக்கு எப்படிப் பாய் தெரியும்? போன வருஷமெல்லாம் இந்த நேரம் அவரு ஊருக்குப் போயிருவாரே."

"அதான். இந்த வருஷம் உன் நேரம், இங்கே இருந்துட்டாரு."

கார்மேகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளைக்காரனுக்கும் இப்படி ஒன்று உண்டா என்று யாராவது சிரித்திருக்கலாம். அவனால் முடியவில்லை. கைக்குழந்தையை 'நல்லா கொழுகொழுன்னு இருக்கு' என்று எவனாவது சொன்னால், அவன் போனதும் உப்பு மிளகாய் சுற்றிப் போடுகிற வீட்டில் பிறந்தவன் அவன். அந்தப் பயம் எப்படி வயிற்றில் உட்காரும் என்று அவனுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அபுதாபியிலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டிருந்தபோதே மிஸ்டர் டீட்டர் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். மூளையில் ரத்தக் குழாய் அடைப்பு. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போய்விட்டன. உயிர் இருக்கிறது.

வசந்தகுமாரி போனை வைத்துவிட்டுக் கார்மேகத்தைப் பார்த்தாள். ஐடியாவுக்குச் சூப்பர் போட்டவள் அவளும்தான்.

சதக்கத்துல்லாதான் பேசினார். "மனசுல ஒண்ணும் வச்சுக்காதே மேகம். அவருக்கு ரொம்ப நாளா பிரஷர் இருக்கு. மாத்திரையும் ஒழுங்காப் போடறதில்ல. உப்புல ஊறுன இறைச்சியும் வெண்ணெயுமா தின்னாரு. கேக்குல ஒண்ணும் இல்ல."

கிடங்கில் அப்படிப் பேசவில்லை. தண்ணீர் பிடிக்க இறங்கியவனைப் பார்த்து அருள்ராஜ் ஃபோர்க்லிஃப்டிலிருந்தபடியே கும்பிட்டான். "மேகண்ணே, எனக்கு ஜூன்ல பொறந்த நாளு. தயவு பண்ணி அந்த மாசம் முழுக்க என் கிட்டக்க வந்துராதீக."

நாலு பேர் சிரித்தார்கள். கார்மேகமும் சிரித்தான். அதைவிட வேறு என்ன செய்ய முடியும்?

செவ்வாய்க்கிழமை சரியாக நாலு மணிக்கு, துபாயிலிருந்து ஒரு ஜெர்மன் பேக்கரியின் வேன் வந்து நின்றது. டிரைவர் ஒரு பெரிய அட்டைப் பெட்டியை மேசையில் வைத்துக் கையெழுத்துக் கேட்டான். மிஸ்டர் டீட்டர் பத்து நாளைக்கு முன்பே சொல்லி வைத்தது. பன்னிரண்டு பேருக்கு. செவ்வாய், மாலை நாலு மணி.

திறந்து பார்த்தார்கள். மேலே தேனில் வறுத்த பாதாம் சீவல் பொன்னிறமாக ஒட்டியிருந்தது. நடுவில் மஞ்சள் கிரீம் விரற்கடை தடிமன். எழுத்து கிழுத்து ஒன்றும் இல்லை. திரும்பி வந்து, தன் பிறந்த நாளுக்குத் தானே எல்லாருக்கும் கொடுக்க அவர் வாங்கியது. கிடங்கு ஆட்களையும் கணக்கில் சேர்த்து எண்ணியிருந்தார்.

கார்மேகம் கையெழுத்துப் போட்டு வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தான். ரோலா பேக்கரி கேக்கும் அதே ஃபிரிட்ஜில்தான் இருந்தது, கீழ்த்தட்டில். யாரும் தொடவில்லை.

"பாய், பாஸ்போர்ட்டு?" என்றான் அன்றைக்கு முதல் தடவையாக.

சதக்கத்துல்லா இரும்புப் பெட்டியைப் பார்த்தார். "சாவி அவர் கொத்துல இருக்கு. கொத்து அவர்கிட்ட இருக்கு. ஹெட் ஆபீசுக்கு மெயில் போடச் சொல்லியிருக்கேன்."

புதன்கிழமை காலை பதில் வந்தது. இரண்டே வரி. 'மிஸ்டர் யென்ஸ் வெள்ளிக்கிழமை வருகிறார். எல்லா விஷயங்களையும் அவரிடம் தெரிவிக்கவும்.'

அன்றைக்குத்தான் டிக்கெட். கார்மேகமும் சதக்கத்துல்லாவும் காரில் அபுதாபி போனார்கள். வழியில் சதக்கத்துல்லா சொன்னார்: "இப்ப வாழ்த்துச் சொல்லலாம். நாள் கழிஞ்சு சொன்னாக் குத்தமில்லையாம். முடிஞ்சா ஒரு வார்த்தை சொல்லிரு. ஆளுக்கு ஆறுதலா இருக்கும்."

டீட்டர் கண் திறந்து படுத்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. சவரம் செய்யாத முகத்தில் வெள்ளை முடி முளைத்திருந்தது. அவரை அப்படிப் பார்க்கக் கார்மேகத்துக்கு என்னமோ செய்தது. கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் பை, வாய் ஒட்டி, மேலே பட்டியல் எழுதியிருந்தது. கைக்கடிகாரம். மூக்குக் கண்ணாடி. பர்ஸ். சாவிக்கொத்து. பெட்டிச் சாவி மற்றதைவிட நீளம், இரண்டு பக்கமும் பல் வைத்தது. வெளியிலிருந்தே தெரிந்தது. கையை நீட்டினால் எட்டும்.

"சிஸ்டர், அந்தச் சாவி வேணும். ஆபீஸ் சாவி. பெட்டிய மட்டும் தொறந்துட்டு நாளைக்கே கொண்டாந்து தந்துர்றோம்."

நர்ஸ் மலையாளி, நல்ல பெண்தான். தலையை ஆட்டினாள். "ஃபேமிலி வரணும் சேட்டா. அம்மா இருக்காங்களாம் ஜெர்மனியில, எண்பத்தொண்ணு வயசு. அவங்களோ, அவங்க எழுதிக் கொடுத்த ஆளோ வந்தாத்தான் தரலாம். போலீஸ் ரூல்."

"அவரே குடுக்கச் சொன்னா?"

"அவருக்குப் பேச்சு இல்லல்லோ."

கார்மேகம் கட்டிலை ஒட்டி நின்றான். வாழ்த்துச் சொல்ல வாய் வரவில்லை. தெரிந்த இங்கிலீஷில், ஹிந்தியைக் கலந்து, மெதுவாகச் சொன்னான். "சார். பாஸ்போர்ட். கீ. மை வைஃப் ஆபரேஷன் மண்டே. கீ தேனே கா போலோ, சார்." சாவியைக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று பையைச் சுட்டிக் காட்டினான். இரண்டு தடவை காட்டினான்.

டீட்டர் அவனைப் பார்த்தார். தெரிந்துகொண்டார் என்பது நிச்சயம், கண்ணில் தண்ணீர் வந்தது. தொண்டையில் ஒரு சத்தம் எழும்பி அங்கேயே நின்றது. இடது கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்தது. பையை நோக்கிப் போகும் என்று கார்மேகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். கை இவன் பக்கம் வந்தது. இவன் கையைப் பிடித்து, ஒரு முறை மேலும் கீழும் குலுக்கியது. காலை ஏழரைக்குக் குலுக்குகிற அதே குலுக்கல். கார்மேகத்துக்கு அது வேண்டாம். அவனுக்குச் சாவி வேண்டும்.

"சரி விடுங்க, அவரைத் தொந்தரவு பண்ண வேண்டாம்," என்றாள் நர்ஸ்.

அவன் டிக்கெட் வாங்கிய விமானம் அவன் இல்லாமல் போனது.

வெள்ளிக்கிழமை வந்து இறங்கிய யென்ஸ் சனிக்கிழமை ஆபீசுக்கு வந்தார். முப்பது வயது, சின்னப் பையன் மாதிரி முகம். எல்லாருக்கும் கை கொடுத்தார். ஃபிரிட்ஜைத் திறந்து பாதாம் கேக்கைப் பார்த்ததும் முகம் மாறியது. "இதை ஏன் யாரும் சாப்பிடவில்லை? டீட்டர் கொடுத்த விருந்து இது. சாப்பிடாவிட்டால்தான் அவருக்கு வருத்தம்," என்றார். வெட்டினார்கள். நாலு நாள் ஆனதில் கிரீம் லேசாகப் புளித்திருந்தது. கார்மேகம் தன் துண்டை வாயில் போட்டு விழுங்கினான்.

பிறகு அவர் எதிரே போய் நின்றான். சதக்கத்துல்லா எடுத்துச் சொன்னார். ஆபரேஷன், கையெழுத்து, திங்கட்கிழமை, எல்லாம். யென்ஸ் முழுசாகக் கேட்டார், குறிப்பு எடுத்தார்.

"உன் கஷ்டம் எனக்குப் புரிகிறது. இரண்டாவது சாவி ஹெட் ஆபீசில் இருக்கிறது. கூரியரில் வரவழைக்கலாம். ஆனால் இன்றைக்குச் சனி. சனியும் ஞாயிறும் அங்கே யாரும் போனை எடுக்க மாட்டார்கள். திங்கள் காலை பேசுகிறேன். புதன்கிழமை சாவி வந்துவிடும்."

"யார் வீட்டுக்காவது போன் பண்ணிக் கேளுங்க சார்."

யென்ஸ் உண்மையாகவே சங்கடப்பட்டார். லீவு நாளில் ஒருத்தர் வீட்டுக்குப் போன் போடுவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் இரண்டு பேருக்குப் போட்டுப் பார்த்தார். மணி அடித்து அடித்து நின்றது.

வெளியே வந்ததும் சதக்கத்துல்லா சொன்னார்: "அந்த ஊர்ல ஞாயித்துக்கிழமை வீட்டு வாசல்ல புல்லு வெட்டுற மெஷினைக்கூட ஓட்டக் கூடாதாம்ப்பா. சத்தம் வந்தாப் பக்கத்து வீட்டுக்காரன் போலீசுக்குச் சொல்லிருவானாம். நேத்து வெள்ளிக்கிழமை, நமக்கு லீவு. இன்னைக்கும் நாளைக்கும் அவனுக்கு லீவு. இதுல எவனைப் போய்க் குத்தம் சொல்ல?"

"பெட்டிய ஒடைச்சா என்ன பாய்?"

"ஒடைச்சா உன்னை உள்ள வச்சிருவாங்க. அப்புறம் ஊருக்கு ஒரேயடியாப் போயிரலாம்."

லேபர் ஆபீசுக்குப் போய் மனுக் கொடு என்றான் அருள்ராஜ். கொடுத்தால் விசாரணைக்கு ஒரு தேதி போடுவார்கள். அந்தத் தேதி திங்கட்கிழமைக்கு முன்னால் வராது. கார்மேகம் போகவில்லை.

ஞாயிறு மத்தியானம், பஞ்சவர்ணத்தின் அண்ணன் மகனுடைய செல்போனுக்குக் கார்மேகம் கூப்பிட்டான். அவளை முந்தின நாளே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

"எந்த ஊர்ல எறங்கி நிக்கிறீக?" என்றாள் எடுத்ததும்.

"ஷார்ஜாவுலதான்."

அவள் அடுத்துக் கேட்பதற்குள் அவனே சொல்ல ஆரம்பித்தான்.

"பாஸ்போர்ட்டு பெட்டிக்குள்ள மாட்டிக்கிருச்சு. சாவிக்காரரு படுத்த படுக்கையா ஆஸ்பத்திரில கெடக்காரு. புதன்கெழமை சாவி வந்துரும். உங்க அண்ணன் கையெழுத்துப் போடட்டும் பஞ்சு. நான் சொல்றேன், போடட்டும். நான் வியாழக்கெழமை அங்க நிப்பேன்."

"அவரு எதுக்குப் படுத்தாரு?"

என்ன சொல்வது? கேக் வாங்கிக் கொடுத்தேன், படுத்துவிட்டார் என்றா? "மூளையில அடைப்பு," என்றான்.

"சரி. வேற வார்டுல ஒரு பொம்பளைக்கு என் நாளைக் குடுத்துரச் சொல்லிர்றேன்."

"கிறுக்கச்சி மாதிரிப் பேசாத! அடுத்த நாளு எப்பக் கெடைக்கும்னு தெரியுமா?"

"ஜூலைங்கிறாக. டாக்டர்கிட்டக் கேட்டுட்டேன்."

"கேட்டுட்டியா? எப்பக் கேட்ட?"

"நேத்தே. நீங்க வர மாட்டீகன்னு நேத்தே தெரிஞ்சுபோச்சு. வர்ற ஆளா இருந்தா வெள்ளிக்கெழமையே போன் அடிச்சு எந்த பஸ்ல வர்றேன்னு சொல்லியிருப்பீக."

அவன் கத்தினான். கெட்ட வார்த்தைகூடச் சொன்னான். அப்புறம் கெஞ்சினான். அவளுக்கு மூச்சு வாங்குவது போனில் கேட்டது. ஒவ்வொரு நாலு சொல்லுக்கும் ஒரு தடவை நிறுத்தினாள். அவளோடு சண்டை போட்டு அவள் மூச்சை வீணாக்குகிறோம் என்று தெரிந்தபோது நிறுத்தினான். போனை வைத்துவிட்டு, ஆபீஸ் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றான். கீழே அருள்ராஜ் ஒரு பெட்டியைத் தூக்கி இன்னொரு பெட்டி மேல் வைத்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை காலை பஞ்சவர்ணம் பஸ் ஏறிச் சொந்த ஊரான கமுதிக்குத் திரும்பிவிட்டாள். அவள் நாளை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள்.

புதன்கிழமை பத்தரைக்குக் கூரியர் வந்தது. யென்ஸ் சொன்னது சொன்னபடி. இரும்புப் பெட்டி முன்னால் மூன்று நாற்காலி போட்டார்கள். சதக்கத்துல்லாவும் வசந்தகுமாரியும் சாட்சி. உள்ளே இருந்த ஒவ்வொன்றையும் எடுத்து, பெயர் சொல்லி, எழுதி வைத்தார்கள். கார்மேகத்தின் பாஸ்போர்ட் ஒன்பதாவதாக வந்தது. யென்ஸ் அதை இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினார். சந்தோஷமாக இருந்தார். "சொன்னபடி, புதன்கிழமை," என்றார்.

வசந்தகுமாரி கைதட்டப் போய், நிறுத்திக்கொண்டாள்.

கார்மேகம் பாஸ்போர்ட்டைத் திறந்தான். ஏழு வருஷத்துக்கு முந்தைய அவன் முகம் அதில் இருந்தது. மூடினான்.

"லீவு பதினேழாம் தேதியிலிருந்து எழுதியிருக்கிறது," என்றார் யென்ஸ் பேப்பரைப் பார்த்து. "ஏழு நாள் போய்விட்டது. அதை மாற்றிக்கொடுக்கிறேன். எப்போது கிளம்புகிறாய்?"

"சார், ஜூலையில போகலாமா?"

"போகலாம். ஆனால் இப்போதும் போய் ஜூலையிலும் போக முடியாது. இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவு. இந்த விதி நான் போட்டதில்லை. எது வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும்."

இன்றைக்குக் கிளம்பினால் நாளை அவள் முன்னால் நிற்கலாம். நின்று? அவள் மூச்சு வாங்குவதை உட்கார்ந்து பார்க்கலாம். ஜூலையில் கையெழுத்துப் போட ஆள் இருக்காது. இன்றைக்குக் கிளம்பாவிட்டால் ஜூலையில் நிற்கலாம், ஜூலை வரை அந்த வால்வு தாங்கினால். தாங்குமா என்று போனில் டாக்டரிடம் கேட்டதற்கு அவர் தாங்கும் என்றும் சொல்லவில்லை, தாங்காது என்றும் சொல்லவில்லை. சதக்கத்துல்லாவைப் பார்த்தான். அவர் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜூலை," என்றான் கார்மேகம்.

யென்ஸ் எழுதிக்கொண்டார்.

"சார், இதை நானே வச்சுக்கலாமா? என் ரூம்ல?"

யென்ஸ் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "இதை நான் மட்டும் முடிவு செய்ய முடியாது. எல்லா பாஸ்போர்ட்டும் பெட்டியில் என்றுதான் இருக்கிறது. ஹெட் ஆபீசுக்கு எழுதிக் கேட்கிறேன். அதுவரை..."

கார்மேகம் பாஸ்போர்ட்டை நீட்டினான். யென்ஸ் அதை வாங்கி மற்ற பாஸ்போர்ட்டுகளின் மேல் வைத்துக் கதவைச் சாத்தினார். சாவி இரண்டு சுற்று சுற்றியது. பிறகு பட்டியலைத் திருப்பி, ஒன்பதாவது வரிக்கு எதிரே விரலை வைத்தார்.

"திரும்ப ஒப்படைத்ததற்கு இங்கே ஒரு கையெழுத்து."

கார்மேகம் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.